நல்லிணக்கக் கூட்டத்தில் என்ன படம் போடலாம்? கடூனாவின் இமாமும் போதகரும்

நெய்தல்வாசி எழுதியது:

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். போன ஆண்டு ஊர்வலப் பாதை தொடர்பாக இரு தரப்புக்கும் உரசல் வந்து, வட்டாட்சியர் முன்னிலையில் சமாதானக் கூட்டம் நடந்து, ஒருவழியாக அடங்கியது. அதன் பிறகு ஜமாஅத் பெரியவர் ஒருவரும் கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கும் ஒருவரும் தனித்தனியாக வந்து ஒரே வேண்டுகோளை வைத்திருக்கிறார்கள். மத ஒற்றுமை பற்றி ஒரு நல்ல படம் போட வேண்டுமாம்.

என் மனத்தில் இருப்பது ஆலன் சானர் இயக்கி 2006இல் வெளிவந்த ‘இமாமும் போதகரும்’ என்ற ஆவணப்படம். சுமார் நாற்பது நிமிடம் ஓடும். களம், வட நைஜீரியாவின் கடூனா. இமாம் முகம்மது அஷாஃபாவும் போதகர் ஜேம்ஸ் வூயேயும் ஒரு காலத்தில் ஆளுக்கொரு இளைஞர் படையை வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்றவர்கள். 1992இல் ஸாங்கோன் கட்டாஃபில் மூண்டு கடூனா வரை பரவிய கலவரத்தில் போதகர் தம் வலது கையை இழந்தார். இமாமுக்கு ஆன்மிக ஆசானாக இருந்த முதியவரும் உறவினர் இருவரும் கொல்லப்பட்டார்கள். பழிவாங்கும் நாளை எதிர்பார்த்தே ஆண்டுகள் கழிந்தன. 1995இல் ஒரு கூட்டத்துக்கு இருவரும் வந்திருந்தபோது, பத்திரிகையாளர் ஒருவர் இருவரையும் பிடித்து நேருக்கு நேர் நிறுத்தி வைத்தார்.

நபிகள் தாயிஃப் நகரில் கல்லடி பட்டு ரத்தம் வழிய நின்றபோதும் அந்த மக்களை மன்னித்த வரலாற்றைப் பள்ளிவாசல் உரை ஒன்றில் கேட்டதுதான் இமாமை அசைத்தது. போதகர் அவ்வளவு சுலபத்தில் இறங்கி வரவில்லை. இருவரும் சேர்ந்து பயணம் போகத் தொடங்கிய புதிதில் ஒரே அறையில் தங்க நேர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த இமாமின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திவிடலாமா என்று தமக்குத் தோன்றியதைப் போதகரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எல்லா மதமும் ஒன்றுதான் என்ற பேச்சு இவர்களிடம் கிடையாது. ஒருவர் மற்றவரைத் தம் மார்க்கத்துக்கு அழைத்துக்கொள்ளும் ஆசையை இன்றும் மறைப்பதில்லை. அப்படியிருந்தும் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். இது எங்கள் ஊரில் எடுபடுமா? ஆப்பிரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ?

---

பழைய புரொஜெக்டர் எழுதியது:

தாராளமாகப் போடுங்கள் தம்பி. நம் சினிமாவைப் போட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? 1977இல் வந்த ‘அமர் அக்பர் அந்தோணி’யில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ரத்தம் கொடுக்க, மூன்று குழாய்களும் ஒன்றாய்ச் சேர்ந்து தாயின் உடலுக்குள் போகும். பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கியது. வெளியே வந்ததும் கலங்கியது காய்ந்துவிட்டது.

‘பம்பாய்’ 1995இல் வந்தது. அதை எடுத்ததற்காக மணிரத்னம் வீட்டின் மீது குண்டு வீசினார்கள். துணிச்சலான படம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது எப்படி முடிகிறது? மக்கள் கைகோத்து நிற்கிறார்கள், இசை உயர்கிறது, திரை மூடுகிறது. நிஜ பம்பாய்க்குப் பக்கத்தில் பிவண்டி இருக்கிறது. விசைத்தறி ஊர். 1984இல் அங்கே பயங்கரமான கலவரம். பிறகு அங்கே காவல்துறை அதிகாரியாக வந்த சுரேஷ் கோபடே பேட்டைக்குப் பேட்டை இரு மதத்தாரையும் சேர்த்துக் குழு அமைத்தார். குழாயடிச் சண்டை முதல் ஒலிபெருக்கித் தகராறு வரை அங்கேயே பேசித் தீர்த்தார்கள். 1992, 93இல் பம்பாய் எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. இதை யார் படமாக எடுத்தார்கள்? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு பேர் வாக்குவாதம் செய்வதைக் காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

நீங்கள் சொல்லும் படத்தில் அந்த நாற்காலி இருக்கிறது. அதனால்தான் போடச் சொல்கிறேன்.

---

செம்மண் எழுதியது:

எல்லோரும் உருகுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள் தோழர்களே.

முதலில், படத்தைத் தயாரித்தவர்கள் யார்? இன்று ‘மாற்றத்துக்கான முன்முயற்சிகள்’ என்று அறியப்படும் அமைப்பின் படப் பிரிவு. அதன் பழைய பெயர் ‘நெறிசார் மறு ஆயுதமேற்பு’ இயக்கம். பனிப்போர் காலத்தில் கம்யூனிசத்துக்கு எதிராக ஊர் ஊராக நாடகமும் படமும் போட்டவர்கள். 1957இலேயே நைஜீரியாவில் ‘விடுதலை’ என்ற வண்ணப்படத்தை எடுத்து ஆப்பிரிக்கா முழுவதும் சுற்றவிட்டவர்கள். மனம் மாறினால் உலகம் மாறும் என்பதுதான் அவர்களுடைய நிரந்தரப் பல்லவி. ராஜாஜியின் பேரன் ராஜ்மோகன் காந்திகூட அந்த இயக்கத்தில் நெடுநாள் இருந்தவர்தான்.

அந்தப் பல்லவி எதை மறைக்கிறது என்பது அடுத்த விஷயம். ஸாங்கோன் கட்டாஃபில் சண்டை தொடங்கியது குர்ஆனாலும் இல்லை, பைபிளாலும் இல்லை. சந்தையை இடம் மாற்றுவதில் தொடங்கியது. கட்டாஃப் மக்களுடைய ஊர் ஸாரியா அமீரின் (முஸ்லிம் மரபு மன்னரின்) ஆட்சிக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த பழைய கோபம் அதற்குப் பின்னால் இருந்தது. நிலம், சந்தை, தலைமை. கட்டாஃப் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், எதிர்த் தரப்பில் நின்ற ஹௌஸா மக்கள் முஸ்லிம்கள் என்பதால் அது மதக் கலவரம் ஆயிற்று. இரண்டு நல்ல மனிதர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டால் சந்தை யாருக்கு என்ற கேள்வி தீர்ந்துவிடுமா?

படம் வந்து ஐந்தாம் ஆண்டில், 2011 தேர்தலுக்குப் பிறகு வட நைஜீரியாவில் எண்ணூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி இதே கடூனா மாநிலத்தில்.

---

கடற்கரைச் சாலை எழுதியது:

செம்மண் சொல்லும் காரணங்கள் சரி. அவை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒன்று கேட்கிறேன். சந்தையைப் பற்றிப் பேச இரு தரப்பையும் ஒரே கூரையின் கீழ் யார் கொண்டுவருவது? நில அளவைத் துறையா?

உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த லைபீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சாத்தானை நரகத்துக்கே திருப்பி அனுப்ப ஜெபி’ என்ற ஆவணப்படம், 2008இல் வந்தது. ஜினி ரெடிக்கர் இயக்கியது. அதில் ஒரு காட்சியை நான் மறக்கவே மாட்டேன். மன்ரோவியாவில் ஒரு தேவாலயத்தில் கிறிஸ்தவப் பெண்கள் சமாதானத்துக்காகக் கூடியிருக்கிறார்கள். அங்கே வந்திருக்கும் ஒரே முஸ்லிம், அசாத்து பா கென்னத் என்ற காவல்துறைப் பெண். அவர் எழுந்து, இதே வேலையை நான் முஸ்லிம் பெண்களிடமும் தொடங்குகிறேன் என்கிறார். கூடத்தில் ‘அல்லேலூயா’ முழங்குகிறது. ஆனாலும் இரு தரப்பிலும் முணுமுணுப்பு. மற்ற மதத்தாரோடு நின்றால் நம் நம்பிக்கை கெட்டுவிடாதா என்று. துப்பாக்கிக் குண்டு மதம் பார்த்தா பாய்கிறது என்ற கேள்விதான் அந்த முணுமுணுப்பை அடக்கியது.

பிறகு நடந்ததை உலகம் அறியும். வெள்ளைச் சட்டையும் தலையில் வெள்ளைத் துணியுமாக, அன்றைய குடியரசுத் தலைவர் சார்லஸ் டெய்லரின் கார் போகும் வழியில் இருந்த மீன் சந்தைத் திடலில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரலில் டெய்லரையே நேரில் பார்த்தார்கள். கானாவின் அக்ராவில் சமாதானப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, இந்தப் பெண்களை முன்நின்று நடத்திய லேமா போவீயும் மற்றவர்களும் கூட்ட அறையின் வாசலில் கைகளைக் கோத்துத் தரையில் உட்கார்ந்து, உடன்பாடு வராமல் யாரையும் வெளியே விட மாட்டோம் என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தார்கள். போவீ தம் ஆடையைக் களையத் தொடங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவில் தாய் ஒருத்தி அப்படிச் செய்வது சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 18ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது.

இதில் ‘பம்பாய்’ படத்துக் கைகோத்தலும் இருக்கிறது புரொஜெக்டர் ஐயா. கதவை மறித்துக்கொண்டு கோத்த கை.

---

பழைய புரொஜெக்டர் எழுதியது:

அடித்துவிட்டீர்கள் அம்மா. கதவை மறித்த கைதான் வேண்டும்.

இந்த இடத்தில் நதீன் லபாகி 2011இல் எடுத்த ‘இனி எங்கே போவது?’ படமும் நினைவுக்கு வருகிறது. லெபனான் மலைக் கிராமம். ஆண்கள் மதச்சண்டையில் இறங்காமல் இருக்க, பெண்கள் பொய்யாக ஓர் அற்புதத்தை நடத்துகிறார்கள், பலகாரத்தில் ஹஷீஷ் கலந்து கொடுக்கிறார்கள், கடைசியில் இரு தரப்புப் பெண்களும் மதத்தையே மாற்றிக்கொண்டு நிற்கிறார்கள். நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் அந்தப் படத்துக்கு மதம் என்பது ஏமாற்றிக் கடக்க வேண்டிய தொல்லை. ஜமாஅத் பெரியவரையும் திருப்பணிக் குழுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடக்கூடியதில்லை. கடூனா படம் அவர்களை அவர்களுடைய தொப்பியோடும் திருநீற்றோடும் உள்ளே கூப்பிடுகிறது.

---

களப்பணியாளன் எழுதியது:

படம் பார்த்தால் மனம் மாறுமா என்று நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். திரைப்படத்தைவிட வானொலி நாடகத்தில் இதை ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

ருவாண்டாவில் 1994இல் வெறுப்பை ஊட்டியது வானொலி. அதே ஊடகத்தின் வழியாக 2004 முதல் ‘முசெகெவேயா’ என்ற நல்லிணக்க நாடகம் ஒலிபரப்பானது. பகைத்துக்கொண்ட இரண்டு கற்பனைக் கிராமங்களின் கதை. எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர் சில ஊர்களில் இந்த நாடகத்தையும் வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய நாடகத்தையும் ஓர் ஆண்டு கூட்டமாக உட்கார்ந்து கேட்கவைத்து ஒப்பிட்டார். 2009இல் வெளியான முடிவு விசித்திரமானது. மக்களுடைய சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ‘நம் ஊரில் எது சரி என்று ஒப்புக்கொள்வார்கள்’ என்ற எண்ணம் மாறியிருந்தது. கடைசி நாளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒலிநாடாக்களும் அவற்றைக் கேட்கும் கருவியும் பரிசாகக் கொடுத்தார்கள். உடல்நல நாடகம் கேட்ட ஊர்க்காரர்கள், தலைவர் வைத்துக்கொள்ளட்டும் என்று சட்டென்று அவரிடம் ஒப்படைத்தார்கள். நல்லிணக்க நாடகம் கேட்டவர்கள் யார் வைத்துக்கொள்வது, எப்படிப் பகிர்வது என்று விவாதித்துப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே வீட்டில் தனியாகப் பார்ப்பதும், பகைத்துக்கொண்டவனுடைய தலை முன்வரிசையில் அசைவதைப் பார்த்துக்கொண்டே பார்ப்பதும் ஒன்றாகாது.

---

நெய்தல்வாசி எழுதியது:

அப்படியானால் படம் முடிந்ததும் கலந்துரையாடல் வைத்துவிட வேண்டியதுதான். எல்லோரும் மனம்விட்டுப் பேசட்டும்.

---

களப்பணியாளன் எழுதியது:

பொறுங்கள், அங்கேதான் ஆபத்து. அதே ஆய்வாளர் கிழக்குக் காங்கோவில் இன்னொரு சோதனை செய்தார். ஒரு பகுதியில் நாடகம் மட்டும். இன்னொரு பகுதியில் நாடகத்தோடு, கேட்டதைப் பற்றி நீங்களும் பேசுங்கள் என்று தூண்டும் நிகழ்ச்சியும். இரண்டாம் வகையினர் நிறையப் பேசினார்கள். கூடவே சகிப்பு குறைந்தது, பழைய குறைகள் கிளறப்பட்டன. பங்கெடுத்தவர்களுக்கு நன்றியாக உப்பு கொடுத்து, உங்களுக்குப் பிடிக்காத கூட்டத்தாருக்கு இதில் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டார்கள். கொடுக்க மனம் வராதவர்கள் பேசவைக்கப்பட்டவர்களில்தான் அதிகம்.

மனம்விட்டுப் பேசட்டும் என்று ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு நீங்கள் தேநீர் ஊற்றப் போய்விடாதீர்கள்.

---

செம்மண் எழுதியது:

இது எனக்கும் புதிய செய்தி. நான் கேட்க நினைத்ததும் இதுதான்: பேச்சை நடத்துவது யார்? அதிகாரி நடத்தினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

---

கடற்கரைச் சாலை எழுதியது:

அந்தக் கடூனாக்காரர்கள் இருவரிடமும் அதற்கு விடை இருக்கிறது. பிளாட்டோ மாநிலத்தில் யெல்வா என்ற ஊர். 2004 பிப்ரவரியில் தேவாலய வளாகத்துக்குள்ளேயே கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். மே மாதம் பதிலடியில் முஸ்லிம்கள் சுமார் எழுநூறு பேர். குடியரசுத் தலைவர் ஒபாசாஞ்சோ நெருக்கடி நிலையே அறிவித்தார். அந்த ஊருக்குத்தான் இமாமும் போதகரும் போனார்கள். இரு தரப்பு மூப்பர்களையும் இளைஞர்களையும் உட்காரவைத்துக் குறைகளைச் சொல்லவிட்டார்கள். அறையில் கோபம் ஏறும்போது இருவரும் வேதத்தை எடுப்பார்கள். எந்த வசனத்தைக் காட்டி இளைஞர்களைச் சண்டைக்கு அனுப்பினார்களோ, அதை எப்படித் திரித்தோம் என்று அவர்களே சொல்வார்கள். வெளியாள் சொன்னால் அடி விழும். பக்கத்தில் நிற்கும் போதகருக்கு ஒரு கை இல்லை என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

2010இல் வந்த அவர்களுடைய இரண்டாம் படம் கென்யாவில், 2007 தேர்தலுக்குப் பின் எரிந்த பர்ன்ட் ஃபாரஸ்ட் பகுதியில் எடுக்கப்பட்டது. அங்கே மோதிக்கொண்ட கலெஞ்சின், கிகுயு இரண்டு மக்களுமே பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அங்கும் இவர்கள் முறை வேலை செய்தது என்றால், அவர்கள் கொண்டுபோனது வெறும் வேத வசனங்களை மட்டும் இல்லை. கொன்றவர்கள் பக்கத்தில் இருந்து எழுந்து வந்தவர்கள் என்ற தகுதியையும் கொண்டுபோனார்கள்.

---

மருதமுனையான் எழுதியது:

இரண்டு நாட்களாக இந்த இழையை வாசித்துவருகிறேன். நைஜீரியா, லைபீரியா, லெபனான், ருவாண்டா, காங்கோ, கென்யா. எல்லாம் நல்லது. தூரம் கூடக் கூட நமக்குக் கருணையும் கூடுகிறது போலும்.

1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவு கிழக்கிலங்கையின் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டும் கையெறி குண்டு வீசியும் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணிநேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். எங்கள் தாய்மொழியும் தமிழ்தான். புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது தாமே பிள்ளை பெறும் வயது. இதைப் பற்றித் தமிழில் ஒரு படத்தை இரு தரப்பாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததாக யாராவது சொல்லுங்கள். கொழும்பு சினிமா எங்களை எப்படிக் காட்டுகிறது, சென்னை சினிமா தொப்பி போட்டவனை எப்படிக் காட்டுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

---

வடலி எழுதியது:

அண்ணன், நான் யாழ்ப்பாணத்தான், இப்போது டொரொண்டோவில். நீங்கள் கேட்டதற்கு விடை என்னிடம் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூட் ரட்ணம் எடுத்த ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ 2017இல் கான் விழா வரை போனது. தமிழ் இயக்கங்கள் தமக்குள் செய்த கொலைகளைத் தமிழர் ஒருவரே பேசிய படம். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு வந்ததும் நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். படத்தில் குறை உண்டு என்பது என் எண்ணம். அரசு செய்ததை அது போதுமான அளவு பேசவில்லை. ஆனால் அந்தக் குறையையும் அங்கே, அந்தக் கூடத்தில் வைத்தல்லவா பேசியிருக்க வேண்டும்?

சிங்களப் பக்கத்திலும் இதே கதைதான். பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ படத்தில் கண் தெரியாத கிழவர் ஒருவர், போரில் இறந்ததாகச் சொல்லி முத்திரையிட்ட பெட்டியில் வந்த மகனின் மரணத்தை நம்ப மறுப்பார். கடைசியில் பெட்டியைத் தோண்டித் திறந்தால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். அரசு அதன் திரையிடலை நிறுத்திவைத்தது. இயக்குநர் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் 2001இல் மக்கள் பார்த்தார்கள். ஒரு சிங்களத் தகப்பனின் துக்கத்துக்காக நான் அழுதது அந்தப் படத்தில்தான். விகாரையும் தானமும் பௌர்ணமியும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

---

செம்மண் எழுதியது:

இரண்டு இடத்திலும் படத்தைத் தடுத்தவர்கள் தத்தம் பக்கத்தார்தான். எதிரியைத் திட்டும் படத்துக்கு இந்தப் பிரச்சினை வருவதே இல்லை.

---

மருதமுனையான் எழுதியது:

தம்பி வடலி, நேராகப் பேசியதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு படத்திலும் நாங்கள் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

---

மட்டுறுத்துநர்:

இதற்கிடையே 1990 பற்றி வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் முதலில் தொடங்கியது என்ற பட்டியல் இந்த இழைக்கு வேண்டாம். தனி இழை தொடங்கலாம். அங்கும் விதிகள் இவையே.

---

நெய்தல்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று இரு பெரியவர்களையும் பார்த்துப் பேசினேன். திட்டத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். பொதுத் திரையிடல் பிறகுதான். முதலில் நூலகத்தின் பின்னறையில், ஜமாஅத்திலிருந்து ஆறு பேர், கோயில் தரப்பில் ஆறு பேர். ஊர்வலத்தில் முன்னால் நின்ற இளைஞர்களும் அதில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமையும் பிரதோஷ நாளும் வேண்டாம். அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து தொடங்கினால் எல்லோருக்கும் வசதி.

படத்தை நான்கு இடங்களில் நிறுத்தித் தமிழில் சொல்லப் போகிறேன். தாயிஃப் நிகழ்ச்சி வரும் இடத்தில் நான் பேசப் போவதில்லை. ஜமாஅத் பெரியவரே விளக்குவதாக ஒப்புக்கொண்டார். கோயில் தரப்புப் பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ‘அந்தச் சந்தை கடைசியில் யாருக்குப் போயிற்று?’ செம்மண் தோழர், உங்கள் ஆள் ஒருவர் எங்கள் ஊரிலும் இருக்கிறார்.

---

பழைய புரொஜெக்டர் எழுதியது:

அந்தக் கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள் தம்பி. நல்லிணக்கம் என்று மேலே துணிப்பதாகை கட்டிவிடாதீர்கள். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். படம் தெரியாது. வரிசையாகவே போட்டு, முடிந்ததும் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

வடலி எழுதியது:

மருதமுனையான் அண்ணனுக்கு: இங்கே எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. கோடையில் திரையிடல் ஒன்று வைக்கலாம் என்று இரண்டொருவரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் உடனே மறுத்தார். மற்றவர் யோசிக்கிறார். புத்தளத்திலிருந்து யாராவது காணொளி வழியாக வந்து எங்களோடு பேசுவார்களா? எந்தப் படத்தைப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

---

மருதமுனையான் எழுதியது:

யோசிப்பவரை விட்டுவிடாதீர்கள். முடிந்தால் மறுத்தவரையும் கூப்பிடுங்கள். தேதியை முதலில் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வளர்ந்து புத்தளத்தில் இருக்கும் இரண்டு பேரைக் கேட்டுப் பார்க்கிறேன். ஒருவர் வருவார், மற்றவர் வருவாரா என்று சொல்ல முடியாது. படம் எதுவென்று பிறகு பேசிக்கொள்வோம்.